புட் ஆஃப்: தள்ளிப்போடுவதா, அணைப்பதா, வெறுக்க வைப்பதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலம் படிப்பவர்கள், அலுவலக மெயில் எழுதுபவர்கள், போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் என்று யாரிடம் பேசினாலும் ‘புட் ஆஃப்’ பற்றி ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான் வருகின்றன. அவற்றை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். ஆங்கில வாக்கியங்கள் எல்லாம் உச்சரிப்புப்படி தமிழ் எழுத்தில் உள்ளன. வாய்விட்டுப் படித்தால் சட்டென்று பிடிபடும்.

‘புட் ஆஃப்’னா என்ன அர்த்தம்? சுருக்கமா சொல்லுங்க.

ஒரே வார்த்தையில் சொல்லச் சொன்னால் ‘தள்ளிப்போடு’. ‘தே புட் ஆஃப் தி மீட்டிங்’ என்றால் கூட்டத்தைத் தள்ளிப்போட்டார்கள். பத்து இடத்தில் பார்த்தால் பெரும்பாலான இடங்களில் இந்த அர்த்தம்தான் இருக்கும்.

மீதி இடங்களில் தடுமாறாமல் இருக்க ஒரு வழி உண்டு. எதை ‘புட் ஆஃப்’ செய்கிறார்கள் என்று பாருங்கள். கூட்டம், கல்யாணம், பயணம் மாதிரி ஒரு காரியம் என்றால் தள்ளிப்போடுவது. மனிதர் என்றால் அவருக்கு ஆசை விட்டுப்போகச் செய்வது, இல்லையென்றால் சாக்குச் சொல்லி அனுப்புவது. விளக்கு, ஃபேன் என்றால் அணைப்பது. கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த ஒரு கணக்கைச் சுற்றியே வரும்.

புட்னா வை, போடு. ஆஃப்னா அணைக்கிறது. ரெண்டும் சேர்ந்தா எப்படி ‘தள்ளிப்போடு’ ஆகும்?

ஆஃப் என்றதும் நமக்கு சுவிட்ச் ஞாபகம் வருவதுதான் பிரச்சினை. அந்தச் சொல்லின் அடிப்படைப் பொருள் ‘விலகி, அப்பால்’. மேசையிலிருந்து விழுந்தால் ‘ஃபெல் ஆஃப் தி டேபிள்’. மின்சாரம் விலகினால் லைட் ஆஃப். காரியத்தை இன்றைய நாளிலிருந்து விலக்கி வைத்தால் ‘புட் ஆஃப்’.

தமிழும் இதையேதான் செய்கிறது. ‘தள்ளி’ என்பது விலகலைச் சொல்கிறது, ‘போடு’ என்பது வைப்பதைச் சொல்கிறது. இரண்டும் சேர்ந்து நாளை மாற்றுகின்றன. இதே இரண்டு சொல்லை இடம் மாற்றிப் ‘போட்டுத்தள்ளு’ என்றால் கொலை வழக்கு வந்துவிடும். அதனால் இரண்டு சின்னச் சொல் சேர்ந்து மூன்றாவது அர்த்தம் தருகிறதே என்று ஆங்கிலத்தை மட்டும் நொந்துகொள்ள வேண்டியதில்லை.

இறந்தகாலத்துல ‘புட்டட் ஆஃப்’னு வருமா? உச்சரிப்பு பட்டா, புட்டா?

வராது. நேற்றும் புட், இன்றும் புட், ‘ஹேஸ்’ போட்டாலும் புட். ‘ஹி புட்ஸ் எவ்ரிதிங் ஆஃப்’ என்று ‘ஸ்’ ஒலி இருந்தால் அது அவருடைய வழக்கம். ‘ஹி புட் எவ்ரிதிங் ஆஃப்’ என்று ‘ஸ்’ இல்லாமல் வந்தால் நடந்து முடிந்தது. ‘புட்டட்’ என்ற உருவத்தை எங்காவது எழுத்தில் பார்த்திருந்தால் அது கோல்ஃபில் பந்தைக் குழிக்குள் தட்டும் ‘பட்’ என்ற வேறு வினையாக இருக்கும்.

‘கட்’, ‘பட்’ என்பதோடு இதைச் சேர்க்கக் கூடாது. புஷ், புல், ஃபுல் ஆகியவற்றின் கூட்டாளி இது, உகரம் குறில். வேகமாகப் பேசும்போது இரண்டு சொல்லும் ஒட்டிப் ‘புட்டாஃப்’ என்றும், நடுவில் ‘இட்’ வந்தால் ‘புட்டிட்டாஃப்’ என்றும் காதில் விழும். அழுத்தம் ஆஃப் மேல். எழுதும்போது ஆஃப் சொல்லுக்குக் கடைசி எழுத்து இரட்டை. ஒன்றை விட்டால் அது ‘ஆவ்’ என்ற வேறு சொல்லாகிவிடும். மெயில்களில் அதிகம் கண்ணில் படும் பிழை இது.

‘புட் ஆஃப் தி மீட்டிங்’ சரியா, ‘புட் தி மீட்டிங் ஆஃப்’ சரியா?

இரண்டும் சரி. ஆனால் ‘இட்’, ‘தெம்’, ‘ஹிம்’, ‘மீ’ மாதிரி குட்டிச் சொல் வந்தால் அதற்கு நடுவில் மட்டும்தான் இடம். ‘புட் இட் ஆஃப்’ சரி, ‘புட் ஆஃப் இட்’ தவறு. இதில் விதிவிலக்கு தேட வேண்டாம்.

நீளமான பெயராக இருந்தால் அதைக் கடைசியில் வைப்பதே காதுக்கு நன்றாக இருக்கும். புட் சொல்லிவிட்டு, பன்னிரண்டு சொல் கடந்து ஆஃப் வந்தால் கேட்கிறவருக்கு முதல் பாதி மறந்துபோகும்.

இன்னொன்று. தமிழில் ‘தள்ளிப்போடாதே’ என்று மொட்டையாகச் சொன்னாலே போதும், எதை என்பது பேச்சிலிருந்தே தெரியும். ஆங்கிலத்தில் ‘டோன்ட் புட் ஆஃப்’ என்று நிறுத்த முடியாது. ‘டோன்ட் புட் இட் ஆஃப்’ என்று எதையாவது நடுவில் வைத்தே ஆக வேண்டும்.

‘ஐ புட் ஆஃப் டு கோ’ன்னு எழுதினேன், தப்புன்னு சிவப்பு மையில சுழிச்சுட்டாங்க. ஏன்?

‘ஐ புட் ஆஃப் கோயிங்’ என்று வர வேண்டும். புட் ஆஃப் பின்னால் வினை வந்தால் அது ‘இங்’ சேர்ந்துதான் வரும்: ‘ஷீ புட் ஆஃப் காலிங் ஹர் மதர்’, ‘வி புட் ஆஃப் பையிங் எ ஃப்ரிட்ஜ்’.

இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘போகத் தள்ளிப்போட்டேன்’ என்று யாரும் சொல்வதில்லை, ‘போவதைத் தள்ளிப்போட்டேன்’ என்கிறோம். ‘போக’ என்பது ‘டு கோ’, ‘போவதை’ என்பது ‘கோயிங்’. தள்ளிப்போட ஒரு பொருள் வேண்டும், அதனால் வினையைப் பெயராக்கித் தருகிறோம். இரண்டு மொழியிலும் ஒரே கதைதான். போஸ்ட்போன், டிலே இரண்டுக்கும் இதே விதி.

திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போட்டாங்க. இதுல ‘டு’ போடணுமா, ‘டில்’ போடணுமா, ‘பை’யா, ‘ஃபார்’ஆ?

புதிய நாளைச் சொல்வதென்றால் டில், அன்டில், டு மூன்றில் எதுவும் வரலாம். ‘புட் ஆஃப் டில் மண்டே’ பேச்சில் அதிகம். பழைய நாளையும் சேர்த்துச் சொல்லும்போது ‘ஃப்ரம் ஃப்ரைடே டு மண்டே’ வசதி. எவ்வளவு நாள் தள்ளிப்போனது என்று அளவைச் சொல்வதென்றால் ‘ஃபார் எ வீக்’ அல்லது ‘பை எ வீக்’. ‘புட் ஆஃப் பை மண்டே’ என்று மட்டும் எழுதாதீர்கள். ‘பை’ பின்னால் கிழமை வந்தால் ‘அந்த நாளுக்குள்’ என்ற வேறு கணக்கு தொடங்கிவிடும்.

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் ‘டில்’. பள்ளியில் ‘டில்’ என்றால் ‘வரை’ என்று படித்திருப்போம். அதை வைத்து ‘திங்கட்கிழமை வரை தள்ளிவைப்பு, ஆகவே செவ்வாய்க்கிழமை கூட்டம்’ என்று புரிந்துகொண்டு ஒரு நாள் தாமதமாக வந்து நிற்பவர்கள் உண்டு. ‘புட் ஆஃப் டில் மண்டே’ என்றால் கூட்டம் திங்கட்கிழமை நடக்கும். காத்திருப்பதுதான் திங்கள் வரை, நடப்பது திங்களன்று.

நாள் குறிக்காமல் தள்ளினால் ‘புட் ஆஃப் இன்டெஃபினிட்லி’. நம் செய்தித்தாள்கள் ‘தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பு’ என்று போடுவது இதைத்தான்.

போஸ்ட்போன், டிலே, கால் ஆஃப், அட்ஜர்ன்... எல்லாம் ஒண்ணுதானே?

போஸ்ட்போன் மட்டும் கிட்டத்தட்ட ஒன்று. லத்தீனில் ‘போஸ்ட்’ என்றால் பின்னால், ‘போனெரே’ என்றால் வைக்க. அதாவது அது லத்தீன் வேட்டி கட்டிய ‘புட் ஆஃப்’. அறிவிப்பு, சுற்றறிக்கை, செய்தி ஆகியவற்றில் போஸ்ட்போன், வாய்ப்பேச்சில் புட் ஆஃப்.

டிலே வேறு. ரயில் இரண்டு மணி நேரம் தாமதம் என்றால் ‘டிலேட்’. அதை யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. புட் ஆஃப் என்றால் யாரோ ஒருவர் முடிவெடுத்திருக்க வேண்டும். மழையால் ஆட்டம் அரை மணி நேரம் தாமதமாகத் தொடங்கினால் டிலே. இன்று முடியாது, நாளைக்குப் பார்க்கலாம் என்று நடுவர்கள் சொன்னால் புட் ஆஃப்.

கால் ஆஃப் என்றால் அடியோடு ரத்து. இந்த இரண்டையும் மாற்றிச் சொன்னால் விளைவு பெரிது. மாப்பிள்ளையின் பாட்டி இறந்துவிட்டதால் முகூர்த்தத்தை அடுத்த மாதத்துக்கு மாற்றியவர், வெளிநாட்டில் இருக்கும் நண்பருக்கு ‘தி வெட்டிங் இஸ் கால்ட் ஆஃப்’ என்று அனுப்பினால், கல்யாணமே நின்றுபோனதாக அங்கிருந்து ஆறுதல் வரும். அவர் எழுதியிருக்க வேண்டியது ‘தி வெட்டிங் ஹேஸ் பீன் புட் ஆஃப் டில் நெக்ஸ்ட் மன்த்’. இரண்டிலும் ஆஃப் இருக்கிறது, முன்னால் நிற்கும் புட், கால் ஆகியவைதான் கல்யாணத்தின் தலையெழுத்தைத் தீர்மானிக்கின்றன.

அட்ஜர்ன் என்பது தொடங்கிய அமர்வை இடையில் நிறுத்தி வைப்பது. நீதிமன்ற வாய்தா, சட்டமன்ற ஒத்திவைப்பு எல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

தேதியை முன்னாடி கொண்டுவர்றதுக்கு ‘ப்ரீபோன்’ சொல்லலாமா? இல்ல, புட் ஆஃபுக்கு எதிர்ச்சொல் ‘புட் ஆன்’னு வெச்சுக்கலாமா?

புட் ஆன் இங்கே எதிர்ச்சொல் ஆகாது. அது சட்டை போடுவது, எடை கூடுவது, லைட்டைப் போடுவது.

ப்ரீபோன் இந்தியாவில் தாராளமாகப் புழங்குகிறது, ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் இந்திய ஆங்கிலம் என்ற குறிப்போடு இருக்கிறது. நம் ஊர் அலுவலகத்துக்குள் தயங்காமல் சொல்லலாம். லண்டனுக்கு எழுதினால் ‘பிரிங் ஃபார்வர்ட்’, அமெரிக்காவுக்கு என்றால் ‘மூவ் அப்’. பிரிட்டிஷார் தள்ளிப்போடுவதை ‘புட் பேக்’ என்றும் அமெரிக்கர்கள் ‘புஷ் பேக்’ என்றும் சொல்வதுண்டு. எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், தேதி மாறும்போது புதிய தேதியையும் நேரத்தையும் வெளிப்படையாக எழுதிவிடுவதே உத்தமம்.

‘புட் ஆஃப் தி லைட்’னு சொன்னா தப்பா? சின்ன வயசுலேர்ந்து அப்படித்தானே சொல்லிட்டிருக்கோம்?

தப்பு என்று சொல்ல முடியாது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இருந்த வழக்குதான், அகராதிகளிலும் கிடைக்கும். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் ஆகிய இடங்களில் சொன்னால் உடனே கை சுவிட்சுக்குப் போகும். ஆனால் இன்று பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பொதுவாகச் சொல்வது ‘டர்ன் ஆஃப்’ அல்லது ‘ஸ்விட்ச் ஆஃப்’. ஓர் அமெரிக்கரிடம் ‘புட் ஆஃப் தி லைட்’ என்றால் அரை நொடி விழித்துவிட்டு, சூழலை வைத்துப் புரிந்துகொள்வார். தேர்வில் எழுதுவதாக இருந்தால் டர்ன் ஆஃப் பக்கம் போய்விடுங்கள், வாதாட வேண்டியிருக்காது.

‘புட் அவுட் தி லைட்’ என்பதும் சரியான ஆங்கிலம். புட் அவுட் தீ, மெழுகுவத்தி, சிகரெட் ஆகியவற்றுக்கும் பொருந்தும். ஃபேனுக்குப் பொருந்தாது, எரிகிற எதற்கும்தான் அவுட்.

உண்மையான தவறுகள் வேறு இரண்டு. ஒன்று, ‘ஃபேனைப் போடு’ என்பதை அப்படியே ‘புட் தி ஃபேன்’ என்று சொல்வது. ஆன் இல்லாமல் சொன்னால், ஃபேனைத் தூக்கி எங்கே வைக்க வேண்டும் என்று கேட்பார்கள். இரண்டு, ஆஃப் சொல்லையே வினையாக்கி ‘ஆஃப் தி லைட்’ என்பது. தமிழில் ‘பண்ணு’ சேர்த்து ‘ஆஃப் பண்ணு’ என்று எதையும் வினையாக்கிவிடலாம், யாழ்ப்பாணத்தில் ‘ஓஃப் பண்ணு’ என்பார்கள். அந்த வசதி ஆங்கிலத்தில் இல்லை. டர்ன், ஸ்விட்ச், புட் என்று ஏதாவது ஒன்று ஆஃப் முன்னால் நின்றாக வேண்டும். நம்மிடம் அணை, நிறுத்து, அமத்து, நூர் என்று ஊருக்கொரு நல்ல சொல் இருக்கும்போது ‘ஆஃப் பண்ணு’ எப்படி எல்லாவற்றையும் ஓரங்கட்டியது என்பது தனிக்கதை.

‘ஹிஸ் ரூட்னெஸ் புட் மீ ஆஃப்’னு படிச்சேன். இங்க யாரு எதைத் தள்ளிப்போட்டாங்க?

யாரும் எதையும் தள்ளிப்போடவில்லை. இங்கே ‘மீ’ என்று ஆள் வந்துவிட்டது. ஒருவரை ஒரு விஷயத்திலிருந்து மனதளவில் விலக்குவது இந்த அர்த்தம். ‘அவன் மரியாதையில்லாமல் பேசியதில் எனக்கு மனசே விட்டுப்போச்சு’ என்று சொல்வோமே, அது. ‘டோன்ட் பி புட் ஆஃப் பை தி ஸ்மெல்’ என்றால் வாடையைக் கண்டு முகம் சுளித்துப் பின்வாங்கிவிடாதே, கருவாட்டுக் குழம்பு அருமையாக இருக்கும் என்று பொருள். ‘தி ப்ரைஸ் புட் மெனி பையர்ஸ் ஆஃப்’ என்றால் விலையைக் கேட்டே பலர் நழுவிவிட்டார்கள்.

தமிழில் ‘தள்ளிவை’ என்பதை நினைத்துப் பாருங்கள். ‘கல்யாணத்தைத் தள்ளிவைத்தார்கள்’ என்றால் நாள் மாறியது. ‘அந்தக் குடும்பத்தைத் தள்ளிவைத்தார்கள்’ என்றால் ஊர் ஒதுக்கியது. வினை ஒன்றுதான், அது காரியத்தின்மேல் விழுகிறதா ஆள்மேல் விழுகிறதா என்பதில் அர்த்தம் தலைகீழாகிறது. புட் ஆஃபும் அதே மாதிரி நடந்துகொள்கிறது. ஒதுக்கிவைப்பது என்ற அர்த்தம் மட்டும் அதற்குக் கிடையாது.

எதிலிருந்து ஆசை விட்டுப்போனது என்று சேர்த்துச் சொல்ல வேண்டுமா? ஆஃப் பின்னால் நேராக வைத்துவிடுங்கள்: ‘தட் ட்ரிப் புட் மீ ஆஃப் பஸ் ட்ராவல்’. வினையாக இருந்தால் பழையபடி ‘இங்’: ‘இட் புட் மீ ஆஃப் ஈட்டிங் அவுட்’. இடையில் ‘ஃப்ரம்’ செருகக் கூடாது. ‘பஸ் பயணத்திலிருந்து’ என்று மனதுக்குள் தமிழில் நினைப்பதால் ஃப்ரம் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆஃப் சொல்லே ‘இலிருந்து’ வேலையைப் பார்த்துவிடுகிறது. இங்கே ‘மீ’யும் இடம் மாறாது, புட் பின்னால் மீ, பிறகு ஆஃப், பிறகு அந்த விஷயம்.

‘டர்ன் ஆஃப்’ என்றும் இதே பொருளில் சொல்வார்கள். அதில் காமம் சார்ந்த சாயல் தொற்றிக்கொள்ள வாய்ப்புண்டு. அலுவலகத்தில் புட் ஆஃப் பாதுகாப்பானது.

டாக்டர் சர்க்கரையை நிறுத்தச் சொன்னார். ‘தி டாக்டர் புட் மீ ஆஃப் ஷுகர்’னு சொல்றேன், சரிதானே?

அப்படிச் சொன்னால், டாக்டர் ஏதோ பேசி உங்களுக்குச் சர்க்கரையின் மேலேயே வெறுப்பு வரவைத்துவிட்டார் என்றாகும். முந்தைய பதிலில் பார்த்த அர்த்தம் அதுதானே. நிறுத்தச் சொன்னார் என்பதற்கு ‘டோல்ட் மீ டு கட் அவுட் ஷுகர்’. மருந்தை நிறுத்தினார் என்றால் ‘டுக் மீ ஆஃப் தி டேப்லட்ஸ்’. புதிதாக ஒரு மருந்தைத் தொடங்கினால் ‘புட் மீ ஆன்’ என்பது சரி. அதைப் பார்த்து, நிறுத்தினால் புட் ஆஃப் ஆகத்தானே வேண்டும் என்று நினைப்பதில்தான் இந்தத் தவறு பிறக்கிறது. ஆன் பக்கம் புட், ஆஃப் பக்கம் டேக் என்று ஜோடி மாறுகிறது. சட்டைக்கும் இதே ஜோடி: புட் ஆன், டேக் ஆஃப்.

பாக்கிப் பணத்தைக் கேட்டா நாளைக்கு வா, நாளன்னைக்கு வான்னு இழுத்தடிக்கிறார். இதுக்கும் புட் ஆஃப்தானா?

ஆமாம், கனகச்சிதமாகப் பொருந்தும். ‘ஹி கீப்ஸ் புட்டிங் மீ ஆஃப்’. ஒருவரை ஏதாவது சாக்குச் சொல்லித் திருப்பி அனுப்புவது. என்ன சாக்கு என்று சொல்ல ‘வித்’ சேருங்கள்: ‘ஹி புட் மீ ஆஃப் வித் ஏன் எக்ஸ்க்யூஸ்’. ‘இன்று ரொக்கம், நாளை கடன்’ பலகை மாட்டிய கடைக்காரர் தினமும் செய்வது இதுதான்.

இதில் கெட்ட எண்ணம் இல்லாத ஒரு வகையும் உண்டு. வீட்டில் பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவதாக இருந்தவர்களை இன்னொரு நாள் வாருங்கள் என்று சொல்லிவிட்டீர்கள். அதற்கும் ‘வி ஹேட் டு புட் தி கெஸ்ட்ஸ் ஆஃப்’.

செஸ் விளையாடும்போது எதிர்ல இருந்தவர் ‘யூ ஆர் புட்டிங் மீ ஆஃப்’னார். என்னைப் பிடிக்கலையா?

பிடிக்காமல் இல்லை, கவனம் சிதறுகிறது என்கிறார். நீங்கள் பேனாவை டக்டக்கென்று தட்டிக்கொண்டிருந்திருப்பீர்கள். இது பிரிட்டிஷ் வழக்கு. அமெரிக்கர்கள் பெரும்பாலும் ‘டிஸ்ட்ராக்டிங்’ என்பார்கள். தட்டுவதை நிறுத்திவிட்டு ‘ஸாரி’ சொல்லுங்கள்.

‘ஷீ புட் ஹிம் ஆஃப்’னு மட்டும் ஒரு வரி இருந்தா எந்த அர்த்தம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அந்த வரியை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அவனுக்கு அவளைக் கண்டாலே வெறுத்துப்போனது, அவள் அவனைச் சாக்குச் சொல்லி அனுப்பினாள், அவன் கவனத்தைக் கலைத்தாள் என்று மூன்றுக்கும் இடமிருக்கிறது. ஆனால் வாழ்க்கையில் இப்படி ஒற்றை வரி தனியாக வருவதில்லை. பக்கத்தில் ‘டில்’ அல்லது ‘வித் ஏன் எக்ஸ்க்யூஸ்’ இருந்தால் தட்டிக்கழித்தல். ஆஃப் பின்னால் உணவு, படிப்பு, இடம் என்று இன்னொரு பெயர் இருந்தால் ஆசை போனது. ‘ஸ்டாப்’ என்று அதட்டலோடு, ‘இங்’ வடிவத்தில் வந்தால் கவனச் சிதறல்.

‘வாஸ் புட் ஆஃப் பை’ என்று செயப்பாட்டில் வந்தால் முன்னால் இருப்பது ஆளா காரியமா என்று பாருங்கள். ‘தி மேட்ச் வாஸ் புட் ஆஃப் பை எ டே’ என்றால் ஆட்டம் ஒரு நாள் தள்ளிப்போனது. ‘ஐ வாஸ் புட் ஆஃப் பை தி க்ரௌட்’ என்றால் கூட்டத்தைப் பார்த்ததும் எனக்குப் போகவே தோன்றவில்லை.

அப்போ ‘ஐ ஆம் மூட் ஆஃப்’ங்கறதை ‘ஐ ஆம் புட் ஆஃப்’னு மாத்திக்கலாமா?

வேண்டாம். மூட் ஆஃப் நம் ஊர்த் தயாரிப்பு, வெளியே புரியாது. அதற்கு ‘ஐ ஆம் இன் எ பேட் மூட்’ அல்லது ‘ஃபீலிங் லோ’. புட் ஆஃப் என்றால் குறிப்பிட்ட ஒன்று உங்களைப் பின்வாங்க வைத்திருக்க வேண்டும், காரணமில்லாத சோர்வுக்கு அது ஆகாது.

‘ஆஃப்-புட்டிங்’னு திருப்பிப் போட்டு எழுதறாங்களே, அது அச்சுப்பிழையா?

பிழையில்லை, இதே வினையிலிருந்து பிறந்த பெயரடை, நடுவில் சிறு கோடு போட்டு எழுதுவார்கள். முகம் சுளிக்க வைக்கிற, நெருங்கவிடாத என்று பொருள். ‘ஏன் ஆஃப்-புட்டிங் ஸ்மெல்’, ‘ஹிஸ் மேனர் இஸ் ஆஃப்-புட்டிங்’. தள்ளிப்போடுதல் என்ற அர்த்தம் இதற்கு வராது. ‘ஆஃப்-புட்டிங் மீட்டிங்’ என்று எழுதினால் ஒத்திவைத்த கூட்டம் அல்ல, உட்கார முடியாத கூட்டம்.

பழைய இங்கிலீஷ்ல ‘புட் ஆஃப் தை ஷூஸ்’னு வருதே, செருப்பைத் தள்ளிப்போடுன்னா என்ன?

1611-இல் வெளியான கிங் ஜேம்ஸ் பைபிளில், யாத்திராகமம் 3-ஆம் அதிகாரம் 5-ஆம் வசனத்தில் கடவுள் மோசேயிடம் சொல்வது அது. அன்றைக்குப் புட் ஆஃப் என்பதற்குக் கழற்று என்ற பொருளும் இருந்தது. தமிழ் பைபிளில் அந்த இடத்தில் ‘பாதரட்சையைக் கழற்றிப்போடு’ என்று வரும். ‘போடு’ இங்கேயும் வந்து நிற்பதைப் பாருங்கள். இன்று இந்தப் பொருள் வழக்கில் இல்லை, கழற்றுவதற்கு டேக் ஆஃப்.

ஆபீஸ் மெயில்ல புட் ஆஃப் எழுதலாமா, கொச்சையா இருக்குமா?

கொச்சை இல்லை, இயல்பான பேச்சு நடை. கூட வேலை செய்பவருக்கு ‘குட் வி புட் இட் ஆஃப் டில் மண்டே?’ என்று எழுதுவது நன்றாகவே இருக்கும். எல்லோருக்கும் போகும் அறிவிப்பு என்றால் ‘தி ரிவ்யூ ஹேஸ் பீன் போஸ்ட்போன்ட் டு மண்டே, டென் ஏ.எம்.’ என்று எழுதுங்கள். ‘ரீஷெட்யூல்’ போட்டால் முன்னாலா பின்னாலா என்று தெரியாது, புதிய நாளைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. மேலதிகாரிக்கோ வாடிக்கையாளருக்கோ ‘யூ ஹேவ் புட் ஆஃப் தி பேமென்ட்’ என்று எழுதினால், வேண்டுமென்றே இழுத்தடிக்கிறீர்கள் என்று குற்றம் சாட்டுவதாகப் படும். டிலே பற்றிச் சொன்னபோது பார்த்தோமே, புட் ஆஃப் என்றாலே யாரோ முடிவெடுத்தது என்று. யாரையும் குறிக்காமல் ‘தி பேமென்ட் ஹேஸ் பீன் டிலேட்’ என்றால் பணமும் வரும், உறவும் கெடாது.

பரீட்சையில ‘புட் ஆஃப், புட் ஆன், புட் அவுட், புட் அப் வித்’னு நாலு விடை கொடுத்து ஒண்ணைத் தேர்வு செய்யச் சொல்றாங்க. எப்படிப் பிரிக்கிறது?

கோடிட்ட இடத்துக்குப் பின்னால் இருப்பதைத்தான் முதலில் படிக்க வேண்டும். தீ, சிகரெட் என்றால் அவுட். உடை, எடை என்றால் ஆன். தொல்லை, சத்தம், கோபக்காரர் என்று சகித்துக்கொள்ள வேண்டிய ஏதாவது என்றால் அப் வித். நிகழ்ச்சியும் நாளும் இருந்தால் ஆஃப். ஒரு சொல்லில் பொருள் கேட்டால் காரியத்துக்கு ‘போஸ்ட்போன்’, ஆளுக்கு ‘டிட்டர்’ அல்லது ‘டிஸ்கரேஜ்’.

கொஞ்சம் விஷமமான கேள்வி இப்படி வரும்: ‘தி நாய்ஸ் டிட் நாட் ____ ஹர் ஃப்ரம் ஸ்டடியிங்’. சத்தம் என்றதும் அப் வித் பக்கம் கை போகும், பொருளைப் பார்த்தால் ஆஃப் பக்கம் போகும். இரண்டும் பொருந்தாது. ‘ஃப்ரம்’ நிற்பதால் இந்த வாக்கியத்தில் புட் ஆஃபுக்கு இடமில்லை, ‘கீப் ஹர் ஃப்ரம் ஸ்டடியிங்’ என்றுதான் வர வேண்டும். அந்த ஃப்ரம் இருக்கும் இடத்தில் ஆஃப் இருந்திருந்தால் ‘புட் ஹர் ஆஃப் ஸ்டடியிங்’ சரியான விடை.